நைலின் நீர்மட்டம்: ரோடாத் தூண் முதல் செய்மதி ராடர் வரை

நதிக்கரைகளிலே நாகரிகங்கள் தோன்றின என்பது வரலாற்று நூல்களின் முதல் அத்தியாயங்களில் நாம் கற்கும் செய்தியாகும். ஆயின், அந்நதிகளின் நீர் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்பதனை யார் அளந்தனர், அவ்வளவு எவருக்குச் சொல்லப்பட்டது, எவரிடமிருந்து மறைக்கப்பட்டது என்னும் வினாக்களை அவ்வத்தியாயங்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நீரின் ஏற்றமும் இறக்கமும் இயற்கையின் பாற்பட்டவை. அவற்றை அளந்து அறியும் உரிமையோ எக்காலத்திலும் அதிகாரத்தின் பாற்பட்டதாகவே இருந்து வந்துள்ளது.

இக்கூற்றினைச் சோதித்துப் பார்ப்பதற்கு நைல் நதியினும் சிறந்த களம் பிறிதொன்றில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான நீர்மட்டப் பதிவுகளை உடைய நதி அது. இன்று, அந்நதியின் ஊற்றிடங்களிலுள்ள வாவிகளினதும் நீர்த்தேக்கங்களினதும் மட்டத்தினைப் புவியைச் சுற்றிவரும் செய்மதிகள் ராடர் அலைகளால் அளந்து வருகின்றன. கற்றூணில் தொடங்கி வான்வெளியை எட்டிய இவ்வளவை முறைகளின் வரலாற்றினையும், அவ்வரலாற்றினூடே நீரை அறியும் உரிமை கைமாறிய வகையினையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரோடாத் தூணும் கலீபாவின் மௌனமும்

பண்டை எகிப்தியர் நைலின் ஆண்டுப் பெருக்கினை அளந்து பதிந்தனர் என்பதற்குப் பலெர்மோக் கல் எனப்படும் கல்வெட்டுச் சான்று பகர்கின்றது. அஸ்வானுக்கு அண்மையிலுள்ள எலிபன்ரைன் தீவிலே படிக்கட்டுகளில் அளவுக் கோடுகள் பொறிக்கப்பட்ட நீர்மானியினை இன்றும் காணலாம். எனினும், இவ்வகை நீர்மானிகளுள் தலைசிறந்தது கெய்ரோ நகரின் ரோடாத் தீவிலுள்ளதாகும். அப்பாசியக் கலீபா அல்-முத்தவக்கிலின் ஆட்சியில், கி.பி. 861 ஆம் ஆண்டில் இது கட்டப்பட்டது. வானியல் அறிஞரான அல்-பர்கானியின் பெயர் இதன் அமைப்போடு தொடர்புறுத்திக் கூறப்படுகின்றது. ஆற்றோடு சுரங்க வழிகளால் இணைக்கப்பட்ட ஆழமான கிணறு ஒன்றின் நடுவே எண்கோண வடிவிலான பளிங்குத் தூண் நிற்கின்றது. அத்தூணில் முழக்கணக்கில் அளவுகள் பொறிக்கப்பட்டுள்ளன.

நீர் 16 முழத்தை எட்டினால் அவ்வாண்டு விளைச்சல் உறுதி எனக் கருதப்பட்டது. அந்நிலை எய்தியதும் கெய்ரோவின் கால்வாயாகிய கலீஜின் அணை வெட்டப்படும். நகரம் விழாக்கோலம் பூணும். நிலவரி அறவிடும் உரிமையும் அரசுக்கு உண்டாகும். நீர் அதற்குக் குறைந்தாற் பஞ்சமும், மிகையாக உயர்ந்தால் அழிவும் ஏற்படும். எனவே தூணிற் பொறித்த ஒரு கோடு உழவனின் உணவினையும் அரசனின் கருவூலத்தினையும் ஒருங்கே தீர்மானித்தது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி நம் கவனத்திற்குரியது. பெருக்குக் காலத்தில் நாள்தோறும் நீர் உயர்ந்த அளவினைக் கெய்ரோத் தெருக்களிற் கூவி அறிவிப்பது வழக்கமாக இருந்தது. 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாத்திமியக் கலீபா அல்-முயிஸ், நீர் 16 முழத்தை எட்டும் வரையில் அவ்வளவினைப் பொதுமக்களுக்கு அறிவித்தலாகாது எனத் தடைவிதித்தார். நீர் உயரத் தாமதிக்கின்றது என்னும் செய்தி பரவிய மாத்திரத்தே வணிகர் தானியத்தைப் பதுக்குவர், விலை ஏறும், மக்கள் அஞ்சுவர் என்பதே அத்தடைக்குரிய காரணமாகும். கலீபாவின் நோக்கம் நன்று எனவும் வாதிடலாம். ஆயினும் அதன் விளைவு யாதெனின், தன் வயலுக்கு நீர் வருமா என்பதனை அறிய வேண்டிய உழவனே அதனை இறுதியில் அறிந்தவனானான். அளவு தெரிந்திருந்தது, தெரிந்தவர் அரண்மனையில் இருந்தனர்.

பதிவேட்டிலிருந்து அணைக்கட்டுக்கு

ரோடாவின் பதிவுகள் கி.பி. 622 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. இடைவெளிகள் பல இருப்பினும், உலகில் இத்துணை நீண்ட நீர்மட்டப் பதிவு வேறில்லை என்பது மிகையன்று. இதன் பயனை உணர்ந்தவர் பிரித்தானிய நீரியலாளரான ஹரல்ட் எட்வின் ஹேர்ஸ்ற் ஆவார். 1906 இல் எகிப்துக்குச் சென்ற அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நைலின் ஆய்வுக்கே ஈந்தார். நீர் மிகுந்த ஆண்டுகள் கூட்டமாகவும், வறண்ட ஆண்டுகள் கூட்டமாகவும் வருகின்றன என்பதனை அவர் கண்டார். 1951 இல் வெளியான அவரது ஆய்வு இன்றும் கணிதவியலாளராற் போற்றப்படுகின்றது. வறட்சி பல ஆண்டுகள் தொடரக் கூடுமாயின், ஓராண்டுக்குரிய நீரைத் தேக்குதல் போதாது. ஒரு நூற்றாண்டின் தேவையைக் கருத்திற் கொண்டு நீரைத் தேக்க வேண்டும். அத்தகைய தேக்கத்துக்கு மத்திய ஆபிரிக்காவின் பெருவாவிகளே ஏற்ற இடம் என ஹேர்ஸ்ற்றும் அவர்தம் துணைவரும் 1946 இல் முன்மொழிந்தனர்.

இவ்வாறு ரோடாத் தூணின் பார்வை நைலின் ஊற்றிடமாகிய விக்டோரியா வாவியை நோக்கித் திரும்பியது. 1949 இல் பிரித்தானியாவும் எகிப்தும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உகண்டாவின் ஜின்ஜாவுக்கு அருகே ஓவன் நீர்வீழ்ச்சியில் அணைக்கட்டு எழுந்தது. 1954 இல் அது திறந்துவைக்கப்பட்டது. எகிப்தியப் பொறியியலாளர் ஒருவர் அங்கே தங்கியிருந்து நீர் வெளியேற்றத்தைக் கண்காணிக்கவும் உடன்பாடு இடமளித்தது. அணை கட்டப்படுவதற்கு முன்னர் வாவியின் மட்டத்துக்கும் வெளியேறிய நீருக்கும் இடையே இயற்கையாக நிலவிய தொடர்பு எதுவோ அதனையே அணையின் பின்னரும் பேணவேண்டும் என விதிக்கப்பட்டது. இத்தொடர்பினைக் காட்டும் வரைகோடு 'உடன்பட்ட வளைகோடு' எனப் பெயர் பெற்றது. வாவி உயர்ந்தால் வெளியேற்றம் கூடலாம்; தாழ்ந்தாற் குறைதல் வேண்டும். அணை ஒன்று நிற்பதனை வாவி அறியாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

வானிலிருந்து அளத்தல்

ஜின்ஜாவில் அதிகாரிகள் நீர்மானிக் கம்பத்தை நோக்கிக் குறிப்பெழுதிக் கொண்டிருந்த காலத்தில், முற்றிலும் வேறொரு தேவையினின்றும் புதியதோர் அளவை முறை தோன்றிற்று. 1969 இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்ரவுண் நகரிற் கூடிய அறிஞர் குழுவொன்று, கடற்பரப்பின் உயரத்தினைச் செய்மதியிலிருந்து ராடரால் அளக்கலாம் என எடுத்துரைத்தது. 1973 இல் ஸ்கைலாப் விண்நிலையத்தில் முதற் சோதனை நடைபெற்றது. 1978 இல் ஏவப்பட்ட சீசாற் செய்மதி ஏறத்தாழ நூறு நாட்களே இயங்கி மின்கோளாறினால் ஓய்ந்தது. எனினும் இம்முறை கைகூடும் என்பதனை அது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிற்று.

இதன் தத்துவம் எளியது. செய்மதி நேர்கீழாக ஒரு ராடர்த் துடிப்பினை அனுப்புகின்றது. நீர்ப்பரப்பிற் பட்டு அது மீளும். சென்று மீண்ட நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் செய்மதிக்கும் நீருக்கும் இடைப்பட்ட தூரம் கிடைக்கும். செய்மதியின் சுற்றுப்பாதையாகிய ஒழுக்கின் உயரத்திலிருந்து அத்தூரத்தைக் கழித்தால் எஞ்சுவது நீர்மட்டமாகும். தத்துவம் எளிதெனினும் செயல் அரிது. 1,336 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செய்மதியிலிருந்து துடிப்பு சென்று மீள, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்பது பங்கே பிடிக்கும். மூன்று சென்ரிமீற்றர் வேறுபாட்டை அறிய வேண்டுமாயின், ஒரு செக்கனின் 500 கோடியில் ஒரு பங்கினைப் பிரித்தறிதல் வேண்டும். அதுவுமன்றி, வளிமண்டலமும் அதிலுள்ள நீராவியும் அலையைத் தாமதப்படுத்துகின்றன. கடல்மட்டத்திலே உலர்ந்த வளி மட்டுமே ஏறத்தாழ 2.3 மீற்றர் பிழையினை உண்டாக்க வல்லது. இவையனைத்தும் கணித்துக் கழிக்கப்பட வேண்டும்.

ஈண்டும் அல்-முயிசின் நிழல் படிவதனைக் காண்கின்றோம். 1985 இல் அமெரிக்கக் கடற்படை ஜியோசாற் என்னும் செய்மதியை ஏவிற்று. முதல் 18 மாதங்களில் அது திரட்டிய அளவுகள் படைத்துறை இரகசியமாக வைக்கப்பட்டன. கடற்பரப்பின் மேடுபள்ளங்கள் புவியீர்ப்பின் வேறுபாடுகளைக் காட்டுவன. அவை ஏவுகணைகளின் பாதையைக் கணிக்க உதவுவன. 1994-95 இல் ஐரோப்பியரின் ஈ.ஆர்.எஸ்.-1 செய்மதி அதேவகை அளவுகளைத் திரட்டியதும், மறைத்து வைத்தலாற் பயனில்லாது போகவே, 1995 இல் ஜியோசாற்றின் அளவுகள் முழுவதும் வெளியிடப்பட்டன. கருவி ஒன்று வானில் ஏறிவிட்டமையால் மட்டும் அறிவு பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1992 ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்காவும் பிரான்சும் கூட்டாக ஏவிய டோபெக்ஸ்-பொசைடன் செய்மதியே திருப்புமுனையாக அமைந்தது. ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு ஒருமுறை அது ஒரே தடத்தின் மேற் சென்றது; அதன் அளவுகள் ஆய்வாளர் யாவருக்கும் வழங்கப்பட்டன. 2001 முதல் ஜேசன் வரிசைச் செய்மதிகளும், 2020 இல் ஏவப்பட்ட சென்ரினல்-6 உம் ஒன்றன்பின் ஒன்றாக அப்பணியினைத் தொடர்ந்துள்ளன. கடலுக்கெனச் செய்யப்பட்ட இக்கருவி உள்நாட்டு நீர்நிலைகளின் மேலும் கடந்து செல்கின்றது. பெருவாவிகளின் மட்டத்தினைச் சில சென்ரிமீற்றர் நுட்பத்தோடு இதனால் அறியலாம் என்பதனைச் சாரொன் பேர்க்கற் என்னும் ஆய்வாளர் 1990களில் எடுத்துக்காட்டினார். 1997 இன் இறுதியிற் கிழக்கு ஆபிரிக்காவிற் பெய்த பெருமழையால் விக்டோரியா வாவி ஏறத்தாழ 1.7 மீற்றர் உயர்ந்ததனை அவரும் அவர்தம் துணைவரும் செய்மதி வாயிலாகவே அளந்தனர். 2003 இறுதியிலிருந்து, அமெரிக்க விவசாயத் திணைக்களம் உலகின் பெருவாவிகளின் மட்டங்களை எவரும் பார்க்கத்தக்க வகையில் வெளியிடத் தொடங்கிற்று.

விக்டோரியா வாவி தாழ்ந்த கதை

இவ்வெளியீட்டின் பெறுமதி சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. ஓவன் அணைக்கு அருகே கிய்ரா என்னும் இரண்டாவது மின்நிலையத்தை உகண்டா அமைத்தது. 2000 ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கியது. இவற்றினூடாக முன்னரினும் மிகுந்த நீரை வெளியேற்றுதல் கூடுவதாயிற்று. அதனை அடுத்த ஆண்டுகளில் வாவியின் மட்டம் தொடர்ந்து தாழ்ந்து, 2006 இல் ஏறத்தாழ 80 ஆண்டுகளிற் காணாத நிலையை அடைந்தது. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகள் பகிர்ந்துகொள்ளும் வாவி அது. ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அதன் கரைகளில் வாழும் மீனவரின் படகுகள் சேற்றில் நின்றன. இறங்குதுறைகள் நீருக்கு எட்டாதவாயின.

காரணம் யாது? வறட்சியே காரணம் என்பது ஒரு சாராரின் கூற்று. அப்பகுதியில் அக்காலத்தில் மழை குறைந்திருந்தமையும் உண்மையே. 2006 பெப்ரவரியில் நீரியலாளரான டானியல் கல் பகிரங்கமாகக் கிடைத்த தரவுகளைக் கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். முந்திய ஈராண்டுகளில் வாவி தாழ்ந்தமைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 55 வீதம் அணைகளின் மிகை வெளியேற்றமே காரணம் என அவர் கணித்தார். உடன்பட்ட வளைகோடு மீறப்பட்டிருந்தது. 2007 இல் சட்கிளிப், பீற்றர்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வும் தாழ்வின் ஏறத்தாழ அரைப்பங்கு மிகை வெளியேற்றத்தின் விளைவே என்றது.

2009 இல் சுவென்சன், வார் ஆகிய அறிஞர் செய்த ஆய்வோ வேறொரு வகையில் முதன்மை பெறுகின்றது. அவர்கள் அணையின் பதிவேட்டை நாடவே இல்லை. வாவியின் மட்டத்தினை ராடர்ச் செய்மதிகளிடமிருந்து பெற்றனர். சுற்றுப்புற நிலத்தில் எவ்வளவு நீர் குறைந்தது என்பதனைப் புவியீர்ப்பினை அளக்கும் கிரேஸ் செய்மதிகளிடமிருந்து பெற்றனர். வானம் பொய்த்தமை மட்டுமே காரணமாயின் வாவியும் நிலமும் ஒன்றற்கொன்று இசைந்த அளவிற் குறைந்திருக்க வேண்டும். ஆயின் வாவியின் தாழ்வில் ஏறத்தாழ அரைப்பங்கினையே காலநிலையால் விளக்க முடிந்தது. அணையின் வெளியேற்றப் பதிவுகள் பொதுமக்களுக்குக் கிடையாமற் போகலாம் என்பதனையும், தமது முறை அப்பதிவுகளில் தங்கியிராதது என்பதனையும் ஆய்வாளர் தாமே சுட்டிக் காட்டியுள்ளனர். ரோடாவின் காவலன் வாய் திறவாதபோதும் நீரின் உயரத்தை அறியும் வழி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின்னர், இவ்வாறு பிறந்தது.

இங்கு உகண்டாவின் பக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். மின்சாரம் பெறாத மக்களே பெரும்பான்மையினராயிருந்த நாடு அது. உடன்பட்ட வளைகோடோ அந்நாடு சுதந்திரம் பெறுமுன்னர் பிரித்தானியாவும் எகிப்தும் வகுத்த விதி. 2006 இல் வெளியேற்றம் குறைக்கப்பட்டபோது நகரங்கள் நீண்ட மின்வெட்டுக்கு ஆளாயின. ஆகவே செய்மதி அளித்தது தீர்ப்பன்று, சான்று மட்டுமே. அச்சான்று இல்லையேல் மீனவனின் முறைப்பாடும் அமைச்சரின் மறுப்பும் என்றென்றும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகவே நின்றிருக்கும்.

வாவி பின்னர் மீண்டது. 2020 மே மாதத்தில், 1961-64 பெருமழையாற் 2 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து எய்திய பழைய உச்சத்தினையும் அது தொட்டது. அவ்வேளை கரையோர வீடுகள் நீருள் மூழ்கின. தாழ்வும் ஏற்றமும் ஒரே மக்களையே வருத்தின.

எதியோப்பிய அணையும் முகிலை ஊடுருவும் கண்ணும்

நைலின் மற்றொரு கிளையாகிய நீல நைலில் எதியோப்பியா கட்டிய பேரணை 74 பில்லியன் கனமீற்றர் நீரைத் தேக்க வல்லது. அதனை எவ்வளவு விரைவாக நிரப்புவது என்பது பற்றி எகிப்து, சூடான், எதியோப்பியா ஆகிய நாடுகளிடையே உடன்பாடு எட்டப்படவில்லை. 2020 யூலை மாத நடுப்பகுதியில், நிரப்புதல் தொடங்கிவிட்டதா இல்லையா என்பது பற்றியே முரண்பட்ட செய்திகள் வெளிவந்தன. அது மழைக்காலம், அம்மலைப்பகுதியை முகில் மூடியிருக்கும் பருவம். ஆயினும் ஐரோப்பியரின் சென்ரினல்-1 செய்மதியின் ராடர் முகிலை ஊடுருவிச் செல்வது. அமைதியான நீர்ப்பரப்பு ராடர் அலையை அப்பாற் சிதறடிப்பதால் அப்படங்களிற் கருமையாகத் தோன்றும். அணையின் பின்னே அக்கருமை நாளுக்கு நாள் அகன்று வருவதனை உலகம் கண்டது. அம்மாதம் முடிவதற்குள் முதலாண்டு நிரப்புதல் நிறைவெய்தியதாக எதியோப்பியா அறிவித்தது. அவ்வணை 2025 செப்ரெம்பரில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. நதிநீர்ப் பிணக்கு அதனால் தீர்ந்ததில்லை; எனினும் நீர் தேங்கியதா என்ற வினா மட்டும் வாதத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று.

செய்மதியின் எல்லைகள்

இவற்றால், கரையிலுள்ள கம்பங்களைப் பிடுங்கியெறிந்து விடலாம் எனக் கொள்ளுதல் தவறாகும். டோபெக்ஸ் வகைச் செய்மதி தன் தடத்தின் நேர்கீழாகவுள்ள நீரையே அளக்கும்; தடங்களுக்கு இடையிலுள்ள வாவிகளை அது அறியாது. பத்து நாட்களுக்கு இடையில் வந்து வடிந்த வெள்ளம் அதன் கணக்கில் ஏறாது. ஒடுங்கிய நீர்நிலைகளிற் கரையிலிருந்து மீளும் அலைகள் அளவைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்மதியின் நேர்மையைச் சோதிப்பது நிலத்திலுள்ள நீர்மானியே ஆகும். 1990களின் பிற்பகுதியில் டோபெக்ஸ் செய்மதியின் அளவுகள் மெல்ல வழுவிச் செல்வது, கரையோரக் கடல்மட்ட மானிகளோடு ஒப்பிட்டதனாலேயே தெரியவந்தது. மத்தியதரைக் கடலின் கோர்சிக்காத் தீவிலும் அவுஸ்திரேலியாவின் பாஸ் நீரிணையிலும் இத்தகைய ஒப்பீட்டுக்கெனவே நிலையங்கள் உள்ளன.

2022 டிசெம்பரில் ஏவப்பட்ட சுவொற் என்னும் செய்மதி இக்குறைகளுட் சிலவற்றை நீக்க முனைகின்றது. அது நேர்கோடாகவன்றி 120 கிலோமீற்றர் அகலமான பட்டையாக நீரை அளந்து செல்கின்றது. 250 மீற்றர் நீளமும் அவ்வளவு அகலமும் உடைய நீர்நிலைகளையும் காணும் நோக்குடன் அது அமைக்கப்பட்டது. அஃதாவது ஏறத்தாழ 15 ஏக்கர். நமது வன்னியிலும் கிழக்கிலும் உள்ள குளங்கள் பல இவ்வளவினும் பெரியவை என்பதனை எண்ணுமிடத்து, இவ்வரலாறு நைற்கரையோடு முடிந்துவிடவில்லை என்பது புலனாகும்.

முடிவுரை

தூண், பதிவேடு, வளைகோடு, செய்மதி என அளவைக் கருவிகள் மாறி வந்துள்ளன. இம்மாற்றத்தினைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாக மட்டும் காண்போர் வரலாற்றின் பாதியையே காண்கின்றனர். ரோடாத் தூண் தன் காலத்துக்குப் போதிய நுட்பம் உடையதே. குறை தூணில் இருக்கவில்லை. அதனைப் பார்க்க யாருக்கு அனுமதி இருந்தது என்பதிலேயே இருந்தது. ஜியோசாற் செய்மதி தூணினும் பன்மடங்கு நுட்பமானது. எனினும் பத்தாண்டுக் காலம் அதன் அறிவின் ஒரு பகுதி பூட்டியே வைக்கப்பட்டது. விக்டோரியா வாவியின் மீனவனுக்குத் துணைநின்றது ராடர் அலை மட்டுமன்று, அவ்வலை கொணர்ந்த எண்ணை யாவரும் காணுமாறு வெளியிட்ட முடிவுமாகும். அம்முடிவு மனிதரால் எடுக்கப்பட்டது. மனிதராலேயே மாற்றப்படவும் கூடும். செய்மதிகளை உடைய நாடுகள் சிலவே என்பதனையும், நாளை அவை வாய்மூடினால் நமக்கு எஞ்சுவது நம் கரையில் நாமே நட்டுப் பேணிய கம்பமும் நாமே எழுதிய பதிவேடுமே என்பதனையும் மறத்தல் ஆகாது.

நீர் எவ்வளவு உள்ளது என்பதனை, அந்நீரை நம்பி வாழ்பவன் முதலில் அறிதல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கெய்ரோத் தெருக்களில் அடங்கிப்போன அறிவிப்போனின் குரல் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.